முழுச் செருப்பு அறியாத கைகள்

கவிதையும் நாவலும் பேசிக்கொண்டிருப்பவர்கள் காலணித் தொழிற்சாலைகளின் பயிற்சிமுறையைப் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆலங்காயத்தில் இருந்துகொண்டு வேறெதைப் பற்றி எழுதுவது என்று நாங்கள் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது முழுமையான விடையாகாது. ஒருவர் தம் கையால் எதைச் செய்யக் கற்றிருக்கிறார், கற்றதைத் தம்முடையது என்று எவ்வளவு தூரம் சொல்லிக்கொள்ள முடிகிறது என்பது கூலிக் கணக்கோடு முடிந்துவிடும் செய்தியன்று. அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. அந்த அளவில் இது எழுதுகிறவர்களின் கவலையும்தான்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மேலே மலையில் சாமை விளையும். கீழே நெல்லும் கரும்பும் நிலக்கடலையும். நிலமில்லாத வீடுகளுக்கும், நிலமிருந்தும் மழை பொய்த்த வீடுகளுக்கும் இரண்டு வழிகளே நெடுங்காலமாகத் திறந்திருக்கின்றன. ஒன்று, பீடி சுற்றுவது. மற்றொன்று, வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ போய்த் தோல் கம்பெனியில் சேர்வது. விடிவதற்குள் சாலையோரம் நிற்கும் பெண்களை ஏற்றிச்செல்லக் கம்பெனிப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வருகின்றன. அப்பெண்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் போய்வந்த பிறகு அவர்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

ஒரு தோல் காலணி உருவாகும் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறோம். தோலின் எந்தப் பகுதி அழுத்தமானது, எந்தப் பகுதி இழுபடும் என்று பார்த்துத் துண்டுகளை வெட்டுவது கட்டிங். வெட்டிய துண்டின் விளிம்பை மடிப்பதற்கு வாகாக மெலிதாகச் சீவுவது ஸ்கைவிங். துண்டுகளை ஒட்டி, மடித்து, இயந்திரத்தில் தைத்து அப்பர் எனப்படும் மேற்பாகத்தை முடிப்பது ஸ்டிச்சிங். அந்த அப்பரைக் காலின் வடிவில் செய்த அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவது லாஸ்டிங். பிறகு சோல் ஒட்டி, மெருகேற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். இந்த வரிசை முழுவதையும் அறிந்தவரை ஊரில் 'மேஸ்திரி' என்று மரியாதையாக அழைத்த காலம் ஒன்றுண்டு.

அப்படிப்பட்ட ஒரு முதியவரிடம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தாம் சேர்ந்த முதல் ஆண்டில் பசை தடவிக்கொண்டிருந்ததாகவும், அதன்பின் ஒவ்வொரு பிரிவிலும் சில மாதங்கள் உட்காரவைக்கப்பட்டதாகவும் சொன்னார். "எங்க மேஸ்திரி திட்டுவாரு, ஆனா மறைக்கமாட்டாரு" என்றார். அதே வாரத்தில், ஒரு கம்பெனியில் பதினோராண்டுகளாக வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது: "சேர்ந்ததுலேருந்து நான் ஷூவோட நாக்குதாண்ணா தைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தைப்பேன்னு கேளுங்க, சொல்லிடுவேன். அது ஷூவுல எப்படிப் போய் உக்காருதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது." அவர் வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்தது.

இவ்விருவருக்கும் இடையே என்ன நடந்தது என்று நிர்வாகத் தரப்பில் இருப்பவர்களைக் கேட்டால் உடனே கிடைக்கும் விடை, போட்டி. வெளிநாட்டுப் போட்டியை அவர்கள் சொல்லவில்லை. பெயர்ப்பலகை இல்லாமல், பதிவேடு இல்லாமல், பின்தெருவில் எட்டு இயந்திரங்களைப் போட்டு நடத்தப்படும் கூடங்களைச் சொல்கிறார்கள். மேலாளர் ஒருவரின் பேச்சு எங்கள் நினைவில் இருக்கிறது: "மூணு மாசம் உக்காத்தி வச்சுக் கத்துக் குடுக்கிறோம் சார். அந்த மூணு மாசமும் எங்களுக்கு நட்டம். கை பழகினதும் பின்தெருவுல பீஸ் ரேட்டுக்குப் போயிடறாங்க. அங்க பிஎஃப் பிடிக்கிறதில்ல, கையில முழுசா வருது. அப்ப நான் எதுக்கு முழு வேலையும் சொல்லிக் குடுக்கணும்?"

இதில் நியாயம் இல்லாமலில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் வருங்கால வைப்புநிதிக்குத் தன் பங்காக ஊதியத்தில் 12 விழுக்காடு கட்ட வேண்டும். 10 பேர் இருந்தாலே தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதற்கு நிறுவனத்தின் பங்கு 2019 முதல் 3.25 விழுக்காடு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று எல்லை வகுத்திருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை 20, 40 என இரட்டிப்பாக்கிவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் சுமக்கும் செலவு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு விற்கும்போது, முதலாமவர் எதையாவது குறைத்தாக வேண்டும். காப்பீட்டைக் குறைத்தால் அதிகாரி வருவார். ஊதியத்தைக் குறைத்தால் ஆள் வரமாட்டார். பயிற்சியைக் குறைத்தால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

பொருளாதார அறிஞர்கள் இந்தச் சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற தொழிலாளி வேறிடம் போய்விடலாம் என்பதால் முதலாளிகள் பயிற்சியில் போதிய அளவு செலவிடமாட்டார்கள் என்று இங்கிலாந்தின் பிகூ 1912இல் எழுதினார். அமெரிக்காவின் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில் அதை இரண்டாகப் பிரித்தார். எங்கு போனாலும் பயன்படும் பொதுத்திறன் ஒன்று. ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனித்திறன் மற்றொன்று. முதலாவதற்குத் தொழிலாளியே, குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்வதன் மூலம், விலை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்கே நிறுவனம் செலவு செய்ய முன்வரும் என்பது அவர் வாதம்.

பெக்கரைப் படிக்காமலேயே எங்கள் பக்கத்து நிறுவனங்கள் ஒரு படி முன்னே போயிருக்கின்றன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. செருப்புத் தைக்கும் திறன் இயல்பில் ஒரு பொதுத்திறன். வாணியம்பாடியில் கற்றவர் ஆக்ராவிலும் பிழைக்கலாம். அதை ஐம்பது துண்டுகளாக நறுக்கி, ஒருவருக்கு ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டால், அது அந்த வரிசைக்கு வெளியே பயன்படாத தனித்திறனாக மாறிவிடுகிறது. நாக்கை மட்டும் தைக்கத் தெரிந்தவர் பின்தெருக் கூடத்துக்குப் போய் என்ன செய்வார்? ஆகவே, போட்டியினால் பயிற்சி நின்றுவிட்டது என்று சொல்வது சரியாகாது. பயிற்சி நடக்கிறது, வேகமாகவும் நடக்கிறது. கற்றவர் எடுத்துக்கொண்டு வெளியேற முடியாத அளவுக்கு அது சிறிதாக்கப்பட்டிருக்கிறது.

இனி, குற்றம் சாட்டப்பட்ட பின்தெருவுக்குப் போவோம். நாங்கள் பார்த்த கூடம் ஒன்றில் ஆறு பேர் இருந்தார்கள். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் காலையில் வெட்டிக்கொண்டிருந்தான். பிற்பகலில் அதே துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தான். மாலையில் அச்சில் ஏற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டே ஆண்டுகளில் முழுச் செருப்பும் அவன் கைக்கு வந்திருந்தது. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒருவரே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய கல்விக்கொள்கை எதுவுமில்லை. அதைக் கண்டு நாம் உருகிவிடவும் வேண்டாம். பசையின் நெடி நிறைந்த அந்த அறைக்கு ஒரே சன்னல். அவனுக்குக் காப்பீடு இல்லை, வைப்புநிதி இல்லை, அவன் கற்றதற்குச் சான்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முழுத்தொழில் அறிந்தவனுக்கு ஆவணம் இல்லை. ஆவணம் உள்ளவருக்கு முழுத்தொழில் தெரியாது. போட்டி இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றைப் பறித்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கூடத்தில் அறிந்துகொண்டோம். அங்கே தைக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி, பின்தெருவைப் பழித்துக்கொண்டிருக்கும் கம்பெனிகளுக்கே போகிறது. ஜாப் ஒர்க் என்பது அதற்குப் பெயர். பெரிய ஆர்டர் வந்து நாள் நெருங்கும்போது வேலையைத் துண்டுபோட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கூடத்தோடும் அது நிற்பதில்லை. கையால் தைக்க வேண்டிய அப்பர்கள் ஏஜெண்டுகள் வழியாக வீடுகளுக்கே வந்துவிடுகின்றன. ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே ஏற்றுமதிக் காலணிகளைத் தைக்கும் பெண்களைப் பற்றி, பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் தொழிலாளர் நல அமைப்புகளும் சேர்ந்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அக்கா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர். ஊசி குத்திக் கற்ற நாள்களுக்குக் கூலி இல்லை. நிறுவனம் ஏற்க மறுத்த பயிற்சிச் செலவு திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் தொழிலாளர்களாக மதிக்கக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆகவே முறைசார்ந்த நிறுவனம் ஒருபுறம், முறைசாராத் தொழில் மறுபுறம் என்று இரண்டு எதிரிகளாகப் பார்ப்பது பாதி உண்மைதான். பல இடங்களில் ஒரே உடலின் வலக்கையும் இடக்கையுமாகவே அவை இயங்குகின்றன.

இந்த அமைப்பு தானாக முளைத்ததன்று. 1973 வாக்கில் அரசு பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்குவித்தது. தோலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் பகுதி செருப்புச் செய்யக் கற்றுக்கொண்டது அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான். மறுபுறம், சிறுதொழிலுக்கென்று சில பொருள்களை ஒதுக்கிவைக்கும் முறை 1967இல் தொடங்கியது. தோல் காலணியும் அந்தப் பட்டியலில் இருந்தது, 2001இல்தான் நீக்கப்பட்டது. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்ற நிலையில், ஒன்றைப் பெரிதாக்குவதைவிடப் பலவற்றைச் சிறிதாக வைத்திருப்பது முதலாளிகளுக்கு லாபமாக இருந்தது. சிறிதாகவே இருக்கப் பழகிய தொழிலில், தனியாகப் பயிற்சிக்கூடம் வைக்கும் வலுவும் எண்ணமும் குறைவாகவே இருக்கும்.

பீடித் தொழிலின் கதை இதற்கு முன்னோடி. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு விடுமுறை, வேலைநேரம் முதலியவற்றை உறுதிசெய்ய 1966இல் ஒரு சட்டம் வந்தது. கேரளத்தில் அது நடைமுறையானபோது, மங்களூரின் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பகுதியில் இருந்த தன் கூடங்களை 1968இல் மூடிவிட்டு, வேலையை வெளியே கொடுக்க முற்பட்டது. வேலையிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்காக 1969இல் தோன்றியதுதான் தினேஷ் பீடிக் கூட்டுறவு. அந்தக் கூடங்களில் ஒரு வழக்கம் இருந்ததை வாசகர்கள் சிலர் அறிந்திருக்கலாம். ஒருவர் நாளிதழையும் நூல்களையும் உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கையும் காதும் ஒரே சமயத்தில் கற்ற இடம் அது. வேலை வீட்டுக்குப் போனபோது கூலியும் பாதுகாப்பும் குறைந்தது பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்திருந்ததால் மட்டும் கிடைத்த ஒரு கல்வியும் கூடவே போய்விட்டது. எங்கள் பகுதியில் தனித்தனி வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும் பெண்களுக்கு யாரும் எதையும் படித்துக்காட்டுவதில்லை.

போட்டியின் நெருக்கடி இல்லாத இடத்தில் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மலையிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகத்தில், 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. அதன் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். இந்தியாவிலேயே வடிவமைத்து, இங்கேயே தேய்த்து மெருகேற்றிச் செய்யப்பட்டது அது. அதற்கு முன் இவ்வளவு பெரிய ஆடியை இங்கே யாரும் செய்ததில்லை. செய்யச் செய்யத்தான் கற்றார்கள். அதைத் தொடங்கிவைத்த பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார், கற்றவர்கள் முடித்தார்கள். அரசுப் பணமும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் இருந்த இடத்தையும், கப்பல் ஏறும் தேதிக்குள் பெட்டியை மூட வேண்டிய கம்பெனியையும் ஒப்பிடுவது நியாயமன்று என்பது தெரியும். கற்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும் என்ற எளிய உண்மைக்காக மட்டுமே அதைச் சொல்கிறோம்.

அந்த விலையை யார் கொடுப்பது? ஜெர்மனியில் பயிற்சிச் செலவை நிறுவனங்கள் ஏற்கின்றன. தேர்வைத் தொழில் மன்றங்கள் நடத்துகின்றன. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அங்கும் இந்த ஏற்பாடு போட்டியால் குலைந்ததுண்டு. கைத்தொழில்களில் சொந்தமாகத் தொழில் நடத்த 'மாஸ்டர்' தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2004இல் 53 தொழில்களுக்கு நீக்கினார்கள். தரையோடு பதிப்பது போன்ற தொழில்களில் ஒற்றை ஆள் நிறுவனங்கள் பெருகின; பழகுநர்களை எடுத்துப் பயிற்றுவிப்பது குறைந்தது. 2020இல் அவற்றுள் 12 தொழில்களுக்கு அந்த விதியை மீண்டும் கொண்டுவந்தார்கள். போட்டியை அனுமதிப்பதா தடுப்பதா என்பது தனிக்கேள்வி. பயிற்சிச் செலவைச் சிலர் மட்டும் சுமந்து, பலர் அதன் பயனை எடுத்துக்கொண்டால், சுமப்பவரும் நாளடைவில் இறக்கிவைத்துவிடுவார் என்பது அங்கும் தெரியவந்தது.

நம் நாட்டிலும் 1961 முதல் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2014இல் அது திருத்தப்பட்டது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆள்தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். 2016இல் வந்த திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. ஆனால் அச்சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்லர். எனவே இதை மலிவான கையாகப் பயன்படுத்திக்கொள்ள வழியிருக்கிறது. பின்தெருவோடு போட்டியிட வேண்டிய நிறுவனம், பின்தெருவையே சட்டத்தின் துணையோடு உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஓராண்டு முடிந்ததும் ஒருவர் போவார், அடுத்தவர் வருவார், இருவரும் நாக்கையே தைத்திருப்பார்கள். நிறுவனத்துக்கு வெளியே முறையாகக் கற்க விரும்பினால், சென்னை கிண்டியில் 1957 முதல் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால். ஒருநாள் கூலியை விட முடியாத எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது காவலூரிலிருந்து தெரியும் விண்மீனைவிட அருகில் இல்லை.

வழி என்ன என்று யோசிக்கும்போது எங்களுக்கு நினைவுக்கு வருவது வெளிநாட்டு முன்மாதிரி எதுவுமில்லை, வாணியம்பாடியின் கழிவுநீர்தான். பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்துவிட்டன என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. சிறிய ஆலைகளால் தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஆகவே பல ஆலைகள் சேர்ந்து, செலவைப் பகிர்ந்துகொண்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. வாணியம்பாடியின் வாணிடெக் அப்படிப்பட்ட ஒன்று. அவை குறையில்லாமல் நடக்கின்றன என்று நாங்கள் சொல்லவரவில்லை. தனியாகச் சுமக்க முடியாததைச் சேர்ந்து சுமக்கலாம், ஒருவர் மட்டும் நழுவிவிட முடியாதபடி விதி செய்யலாம் என்பதை இந்தத் தொழில் ஏற்கெனவே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே செய்தி.

கழிவுக்குச் செய்ததைக் கல்விக்கும் செய்யலாம். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஜோடிக்கும் சில காசுகளை எல்லா நிறுவனங்களும் ஒரு பொதுநிதியில் போடட்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அந்த நிதியில் பயிற்சிக்கூடங்கள் நடக்கட்டும். ஐந்து பிரிவுகளும் முறைவைத்துக் கற்றுத்தரப்பட வேண்டும். கற்கும் நாளுக்குக் கூலி வேண்டும். சான்றிதழ் தொழிலாளியின் பெயரில், எந்தக் கம்பெனியிலும் செல்லுமாறு இருக்க வேண்டும். பின்தெரு இளைஞனுக்கும் அங்கே இடம் வேண்டும். அவன் ஏற்கெனவே கற்றதைச் சோதித்துக் காகிதம் கொடுத்தால் போதும். வேலையை வெளியே கொடுக்கும் நிறுவனம், வெளியே செய்பவருக்கும் சேர்த்துப் பங்கு செலுத்தினால், போட்டியின் முனை கொஞ்சம் மழுங்கும். கற்றவர் வேறிடம் போனாலும் யாருக்கும் நட்டமில்லை, ஏனெனில் கற்பித்த செலவு எல்லோருடையதும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், நீதிமன்றம் சொல்லும் வரை கழிவுநீருக்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறோம். ஆறு கெட்டால் நுரை தெரியும், கிணற்று நீர் நிறம் மாறும், ஒரு மன்றம் கூடி வழக்குப் போடும். ஒரு பெண்மணி பதினோராண்டுகள் வேலை பார்த்தும் ஒரு செருப்பை முழுதாகச் செய்யக் கற்கவில்லை என்பதற்கு நுரையோ நிறமோ கிடையாது. அவரே அதை ஓர் இழப்பாக அறிந்திருக்கவில்லை. அறியப்படாத இழப்புக்குப் பெயர் வைப்பதற்கு எழுத்தையும் படிப்பையும் பொழுதுபோக்காகக் கொண்ட எங்களைப் போன்றவர்களால் முடியும் என்றுதான் இதை எழுதினோம். வழக்குப் போடுவது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.